வீட்டுக்குக் கொடுத்த அச்சாரம்: கடன் கிடைக்காவிட்டால் திரும்புமா?



தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். நாம் குடியிருக்கும் லயத்து வீடு நம்முடைய வீடு அல்ல. வேலை உள்ளவரைதான் அந்த வீடு. ஓய்வு பெற்றால், அல்லது தோட்டம் கைமாறினால், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டியதுதான். ஆகவே, 'நமக்கென்று ஒரு சொந்த வீடு' என்ற ஆசை நம் குடும்பங்களில் வெறும் ஆசை அல்ல. அது முதுமைக்கால அடைக்கலம். அந்த வீட்டை வாங்கப் புறப்படும்போது நம் கையிலிருந்து முதலில் போகும் பணம் அச்சாரம். இதை முன்பணம் என்றும், பதிவுப்பணம் என்றும், 'புக்கிங்' என்றும் சொல்கிறோம். பெயர் எதுவானாலும், வங்கி கடன் தர மறுத்துவிட்டால் அந்தப் பணம் நமக்குத் திரும்புமா? அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கணவருக்கு 52 வயது; செம்பனைக் குலை வெட்டுகிறார். மனைவி அதே தோட்டத்தில் உரம் போடும் வேலை செய்கிறார். மகன் பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலையில் இருக்கிறான். பக்கத்துப் பட்டணத்தில் ஒரு பழைய தரைவீடு விற்பனைக்கு வருகிறது. விலை 180,000 வெள்ளி. தரகர் வந்து பேசுகிறார்.

"அண்ணே, இந்த விலைக்கு இனிமே வீடு கிடைக்காது. ரெண்டு விழுக்காடு மட்டும் இன்னைக்குக் கட்டுங்க. லோன் எல்லாம் நான் பார்த்துக்கிறேன்."

மனைவி மெல்லக் கேட்கிறார்: "ஏங்க, பேங்கு இல்லைன்னு சொல்லிட்டா?"

"அக்கா, அதெல்லாம் பயப்படாதீங்க. நாளைக்கு வேற ஆளு பணத்தோட வர்றாங்க."

இரண்டு விழுக்காடு என்றால் 3,600 வெள்ளி. 2025-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தக் கணக்குப்படி இது இரண்டு மாதத்துக்கும் மேற்பட்ட உழைப்பு. பணம் கொடுக்கப்படுகிறது, ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கப்படுகிறது. மூன்று வாரம் கழித்து வங்கி கைவிரிக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனால், "தாளைப் பாருங்க அண்ணே. பணம் திரும்பாதுன்னு போட்டிருக்கு, நீங்கதானே கையெழுத்து வச்சீங்க" என்று பதில் வருகிறது.

நேயர்களே, இந்தக் குடும்பம் எந்த இடத்தில் தவறியது? வங்கி மறுத்த அன்றா? இல்லை. கையெழுத்துப் போட்ட அன்று. அச்சாரம் திரும்புமா திரும்பாதா என்பது பெரும்பாலும் அந்த முதல் தாளிலேயே முடிவாகிவிடுகிறது. இன்றைய பேச்சில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஏன் அப்படி? அச்சாரம் என்பது விலையில் ஒரு பகுதி மட்டும் அல்ல. 'நான் சொன்ன சொல் தவறமாட்டேன்' என்பதற்குக் கொடுக்கும் ஈடும் ஆகும். வாங்குபவர் பின்வாங்கினால் விற்பவர் அதை எடுத்துக்கொள்ளலாம் என்பது நெடுநாளைய வழக்கம். தோட்டக் கம்பெனி ஒன்றின் நில விற்பனை பற்றிய லிங்கி பிளாண்டேஷன்ஸ் வழக்கு 1972-ஆம் ஆண்டு சட்ட ஏட்டில் பதிவாகியுள்ளது. நியாயமான அளவுள்ள முன்பணத்தை விற்பவர் வைத்துக்கொள்ளலாம் என்று அதில் லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது. பின்னர் 2018-ஆம் ஆண்டில், கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில், நமது கூட்டரசு நீதிமன்றம் இதை மறுபடியும் ஆராய்ந்தது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு முன்பணத்துக்கும் பொருந்தும். விற்பவர் வைத்துக்கொள்ளும் தொகை நியாயமானதாக இருக்க வேண்டும் என்று கூறியது. ஆனால் அது நியாயமற்ற தொகை என்று காட்டவேண்டிய பொறுப்பு, பணத்தை இழந்தவர் மேல்தான் விழுகிறது.

இதன் பொருள் என்ன? 'வங்கி கடன் தரவில்லை, என் மேல் குற்றமில்லை' என்று சொல்வதால் மட்டும் பழைய வீட்டு விற்பனையில் பணம் தானாகத் திரும்பிவிடாது. பணத்துக்கு வழி தேடுவது வாங்குபவரின் பாடு என்றே சட்டம் பார்க்கும். ஆனால், 'கடன் கிடைத்தால்தான் இந்த வாங்கல்' என்று தாளில் எழுதியிருந்தால் நிலைமை மாறிவிடும். நிபந்தனை நிறைவேற முடியாமற் போனால் அந்த ஒப்பந்தம் செல்லாததாகிறது. அப்படிச் செல்லாமற் போன ஒப்பந்தத்தில் பெற்றதைத் திருப்பித் தரவேண்டும் என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் 33, 66-ஆம் பிரிவுகள் சொல்கின்றன. ஒரே ஒரு வாக்கியம். அதில் இரண்டு மாதச் சம்பளம் அடங்கியிருக்கிறது.

அந்த வாக்கியத்தை எப்படி அடையாளம் காண்பது? தாள் ஆங்கிலத்தில் இருந்தால் 'சப்ஜெக்ட் டு லோன் அப்ரூவல்' என்றும், மலாயில் இருந்தால் 'தெர்தாக்லுக் கெபாடா கெலுலுசான் பிஞ்சாமான்' என்றும் இருக்கும். இதற்கு நேர்மாறாக, 'நோன் ரீஃபண்டபிள்' அல்லது 'தீடாக் டிகெம்பாலிகான்' என்ற சொற்கள் இருந்தால், பணம் திரும்பாது என்று பொருள். வாசிக்கத் தெரியாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று, பள்ளி முடித்த பிள்ளையிடமோ ஆசிரியரிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் பொறுக்க முடியாத விற்பனை நமக்கு வேண்டிய விற்பனை அல்ல.

அந்த வாக்கியம் அரைகுறையாகவும் இருக்கக்கூடாது. அதில் நான்கு விவரங்கள் தெளிவாக இருக்கவேண்டும்.

முதலாவது, எவ்வளவு கடன்? வங்கி ஒன்றும் தராமல் மறுப்பது ஒரு வகை. கேட்டதில் குறைத்துத் தருவது இன்னொரு வகை. நாம் 162,000 வெள்ளி, அதாவது 90 விழுக்காடு கேட்டிருப்போம். வங்கி வீட்டை மதிப்பிட்டுப் பார்த்து 140,000 வெள்ளிதான் தருவோம் என்று சொல்லலாம். மீதிக்கு நாம் எங்கே போவது? ஆனால் விற்பவர், 'கடன்தான் கிடைத்துவிட்டதே' என்று வாதிடுவார். ஆகவே, '162,000 வெள்ளிக்குக் குறையாத கடன் கிடைக்காவிட்டால்' என்று தொகையோடு எழுதச் சொல்லவேண்டும்.

இரண்டாவது, எத்தனை வங்கி, எத்தனை நாள்? இரண்டு வங்கிகளின் மறுப்புக் கடிதம் போதுமா, மூன்று வேண்டுமா, எந்தத் தேதிக்குள் என்பது எழுத்தில் வரவேண்டும். 14 நாள் என்று போட்டிருப்பார்கள்; வங்கியின் பதில் அதற்குள் வராமற் போகலாம். அதனால் முதலிலேயே கூடுதல் நாள் கேளுங்கள்.

மூன்றாவது, எவ்வளவு திரும்பும், எப்போது திரும்பும்? 'முழுத்தொகையும், எந்தப் பிடித்தமும் இன்றி, மறுப்புக் கடிதம் கொடுத்த 14 நாளுக்குள்' என்பதுபோல் நாள் குறித்து எழுதினால்தான் பிறகு கேட்க முடியும்.

நான்காவது, பணம் யாரிடம் இருக்கும்? இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும்.

அச்சாரத்தைத் தரகரின் கையில் கொடுக்கக்கூடாது; அவருடைய சொந்த வங்கிக் கணக்கிலும் போடக்கூடாது. நம் நாட்டில் சொத்து முகவர் தொழில் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒரு வாரியத்தின் கண்காணிப்பில் நடக்கிறது. பதிவு பெற்ற நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் பணத்துக்கென்றே தனிக் கணக்கு உண்டு. நிறுவனத்தின் சார்பில் வரும் ஆளிடம் ஆர்.இ.என். என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் கொண்ட அட்டை இருக்கவேண்டும். அந்த எண்ணை வாரியத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். பணத்தை நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில், அல்லது வழக்கறிஞர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில் கட்டி, ரசீது வாங்குங்கள். இப்படி இரு தரப்புக்கும் நடுவில் பணத்தை வைத்திருப்பவரை 'ஸ்டேக்ஹோல்டர்' என்பார்கள். பணம் நடுவில் இருந்தால் திரும்புவது எளிது. விற்பவரிடம் போய்ச் செலவாகிவிட்டால், வழக்கில் வென்றும் வசூலிக்க முடியாமல் திண்டாட நேரும்.

அடுத்து, மிகப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. அச்சாரத்துக்குப் பிறகு விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, மொத்தம் 10 விழுக்காடு கட்டிமுடிப்பது வழக்கம். நம் கணக்கில் அது 18,000 வெள்ளி. கையெழுத்தான பிறகு கடன் கிடைக்காமற் போனால், அந்தப் பத்து விழுக்காடு முழுவதும் போய்விடலாம். ஆகவே, வங்கியின் கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம். கெடு நெருங்கியும் வங்கியின் பதில் வரவில்லையென்றால், கெடு முடிவதற்கு முன்பே அவகாசம் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். ஊழியர் சேமநிதியின் வீட்டுக்கான மீட்புப் பணத்தைக் கொண்டு சமாளிக்கலாம் என்றும் எண்ணவேண்டாம். வீட்டுக்காக அதை எடுக்க, கையெழுத்தான விற்பனை ஒப்பந்தத்தைக் காட்டவேண்டும். அச்சாரம் கட்டும் நாளில் அது உதவாது.

இதுவரை சொன்னது பழைய வீட்டை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்குவது பற்றி. வீடமைப்பு மேம்பாட்டாளரிடம் புதிய வீடு வாங்குவது வேறு கதை. அங்கே சட்டம் நம் பக்கம் அதிகமாக நிற்கிறது. 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் 1989-இல் வந்த விதிகள், தீபகற்ப மலேசியாவில் உரிமம் பெற்ற மேம்பாட்டாளர்களைக் கட்டுப்படுத்துகின்றன. சபா, சரவாக் மாநிலங்களுக்கு வேறு சட்டங்கள் உண்டு. அந்த விதிகளின் 11-ஆம் விதி, விற்பனை ஒப்பந்தத்தில் குறித்துள்ளதைத் தவிர வேறெந்தப் பணமும், எந்தப் பெயரிலும் வாங்கக்கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுதும் முன்பே பதிவுப்பணம் வாங்குவது சட்டத்துக்கு மாறானது என்பதை 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. வீடு தாமதமானதற்கு இழப்பீடு கணக்கிடும்போது, பதிவுப்பணம் கட்டிய நாளிலிருந்தே காலத்தை எண்ணவேண்டும் என்றும் அதே தீர்ப்பு கூறியது. ஆகவே, மேம்பாட்டாளர் 'புக்கிங்' பணம் வாங்கியிருந்து கடன் கிடைக்காமற் போனால், 'கம்பெனி விதி, பணம் திரும்பாது' என்ற பேச்சைக் கேட்டு வாய்மூடித் திரும்பிவிடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகும் அங்கே ஒரு பாதுகாப்பு உண்டு. மேம்பாட்டாளர்கள் பயன்படுத்தவேண்டிய ஒப்பந்தப் படிவத்தைச் சட்டமே வகுத்திருக்கிறது. வருமானம் போதாத காரணத்தால் கடன் கிடைக்காமற் போய், அதற்கான சான்றையும் நாம் காட்டினால், மேம்பாட்டாளருக்குச் சேருவது விலையில் 1 விழுக்காடு மட்டுமே. 180,000 வெள்ளி வீட்டுக்கு அது 1,800 வெள்ளி. கட்டியதில் மீதி நமக்குத் திரும்பவேண்டும். ஆனால் கவனியுங்கள்: காரணம் 'வருமானம் போதவில்லை' என்பதாக இருக்கவேண்டும். நாம் சம்பளச் சீட்டைக் கொடுக்கத் தாமதித்தோ, படிவத்தில் கையெழுத்திட மறுத்தோ கடன் கெட்டுப்போனால் இந்தச் சலுகை நம்மைக் காக்காது. பழைய வீட்டு விற்பனையிலும் இதே நியாயம்தான். கடனுக்கு ஒழுங்காக முயன்றவருக்கே நிபந்தனை துணை நிற்கும். மனம் மாறியவருக்கு அல்ல.

சரி, கடன் கிடைக்குமா என்பதை முன்கூட்டியே ஓரளவு கணிக்க முடியாதா? முடியும். 162,000 வெள்ளிக் கடனை 4 விழுக்காடு வட்டியில் 35 ஆண்டில் கட்டினால் மாதத் தவணை ஏறக்குறைய 717 வெள்ளி. ஆனால் பல வங்கிகள் 70 வயதுக்குள் கடன் முடியவேண்டும் என்று பார்க்கின்றன. நம் எடுத்துக்காட்டிலுள்ள தந்தைக்கு 52 வயது. அவருக்கு மிஞ்சுவது 18 ஆண்டு. அப்போது தவணை ஏறக்குறைய 1,053 வெள்ளியாகிவிடுகிறது. 1,700 வெள்ளிச் சம்பளத்தில் சேமநிதிப் பிடித்தம் போக கையில் வருவது 1,500 வெள்ளியளவு. இதில் மோட்டார் சைக்கிள் தவணை வேறு இருந்தால் எந்த வங்கி சம்மதிக்கும்? தரகர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டவில்லை, நாமும் கேட்கவில்லை. அதுவே மகனையும் சேர்த்து இருவர் பெயரில் விண்ணப்பித்திருந்தால் பதில் வேறாக இருந்திருக்கலாம்.

எனவே, அச்சாரம் கொடுப்பதற்கு முன் மூன்று வேலைகளைச் செய்யுங்கள். மூன்று முதல் ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளோடு நேரே வங்கிக்குச் சென்று, 'எங்களுக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்?' என்று கேளுங்கள். மழைக்காலத்தில் சம்பளம் குறையும், விளைச்சல் காலத்தில் கூடும். ஆகவே நல்ல மாதத்துச் சீட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அடுத்து, பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். அறிக்கையை எடுத்துப் பாருங்கள். நம் கடன்களையும், கடந்த 12 மாதங்களில் தவணைகளை எப்படிக் கட்டினோம் என்பதையும் அது காட்டும். அதற்குக் கட்டணம் இல்லை. யாருக்கோ ஜாமீன் நின்றது மறந்திருக்கலாம், வங்கி மறக்காது. மூன்றாவதாக, குடும்பத்தில் சம்பளச் சீட்டு இல்லாதவர் இருந்தால், எஸ்.ஜே.கே.பி. எனப்படும் வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள். நிரந்தர வருமானச் சான்று இல்லாதவர்களுக்காகவே அது ஏற்பட்டது.

இவ்வளவும் செய்தும் கடன் மறுக்கப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி பணத்தை மீட்பது எப்படி?

வங்கியிடம் மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் 'இல்லை' என்று சொன்னது சான்றாகாது. கடிதமோ மின்னஞ்சலோ வேண்டும். அதில் பெயர், வீட்டின் முகவரி, கேட்ட தொகை, தேதி ஆகியவை இருக்கட்டும். பிறகு, கெடு முடிவதற்குள் விற்பவருக்கும் முகவர் நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினோம், தாளின் எந்த நிபந்தனைப்படி திருப்பிக் கேட்கிறோம், எத்தனை நாளுக்குள் வேண்டும் என்று நாலே வரியில் எழுதினால் போதும். ரசீது, மறுப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மூலத் தாள்களை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம். தரகர் கைத்தொலைபேசியில் அனுப்பிய செய்திகளையும் அழிக்காதீர்கள். 'கடன் கிடைக்காவிட்டால் பணம் வாங்கித் தருகிறேன்' என்று அவர் எழுதியிருந்தால், அது பின்னால் பேசும்.

பதில் வராவிட்டால் எங்கே போவது? மேம்பாட்டாளர் என்றால் வீட்டு வாங்குவோர் உரிமைகோரல் தீர்ப்பாயம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய இந்தத் தீர்ப்பாயம், சட்டம் குறித்த வரம்புக்கு உட்பட்ட கோரிக்கைகளை விசாரிக்கிறது. கட்டணம் 10 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. விற்பனை ஒப்பந்தம் எழுதாமலே பணம் வாங்கப்பட்டிருந்தாலும், அந்த முன்னேற்பாட்டை வைத்து அங்கே முறையிட இடமுண்டு. ஆனால் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

பழைய வீட்டு விற்பனை அந்தத் தீர்ப்பாயத்துக்குப் போகாது. முகவர் நிறுவனம் பணத்தை முறைகேடாகக் கையாண்டால், நாம் முன்பு சொன்ன வாரியத்திடம் புகார் செய்யலாம். பணத்தை மீட்க, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறை இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகள் 5,000 வெள்ளிக்கு மேற்படாத தொகைக்கு இதை வகுத்தன. அங்கும் நாமே பேசலாம். நம் எடுத்துக்காட்டிலுள்ள 3,600 வெள்ளி இதற்குள் அடங்குகிறது. தொகை பெரிதானால் வழக்கறிஞர் துணை வேண்டியிருக்கும்; அரசாங்கச் சட்ட உதவித் துறையிலும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களிலும் ஆலோசனை கேட்கலாம். ஒப்பந்தம் மீறப்பட்டதிலிருந்து ஆறு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கவேண்டும் என்பது பொது விதி. ஆனாலும் சூடு ஆறுமுன் கேட்பதே நல்லது.

'பணம் திரும்பாது' என்று எழுதிய தாளில் ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள் என்ன செய்வது? அவர்களும் உடனே கைவிட வேண்டாம். வீடு வேறொருவருக்கு உடனே விற்றுப்போயிருந்தால், விற்பவரிடம் மறுப்புக் கடிதத்தைக் காட்டி ஒரு பகுதியையாவது மரியாதையாகக் கேட்கலாம். சிலர் கொடுக்கிறார்கள். ஆனால் அது அவர்களுடைய நல்ல மனம். நம்முடைய உரிமை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நல்ல மனத்தை நம்பி நிற்பதைவிட ஒரு வரியை எழுதி வாங்குவது எளிதல்லவா?

நேயர்களே, அந்த மனைவி கேட்ட கேள்வியை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். "பேங்கு இல்லைன்னு சொல்லிட்டா?" சரியான கேள்வி, கேட்கவேண்டிய நேரத்தில்தான் அவர் கேட்டார். பதில் வாய்வார்த்தையாக வந்தது; அதைத் தாளில் எழுதச் சொல்லியிருந்தால் 3,600 வெள்ளி வீடு திரும்பியிருக்கும். எழுத மறுத்திருந்தால், அந்தப் பணம் வீட்டை விட்டே போயிருக்காது. வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பார்கள். வீடு வாங்கும் காரியத்தில் அந்த அணை ஒரே ஒரு வரிதான். கையெழுத்துப் போடும் முன் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். அதன் பிறகு பேனாவை எடுங்கள்.